பெசாக் வாரத்தில் கப்பல் பயணம்: முதலில் மாமியாரிடம் கேளுங்கள்

வாசகி கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரை. கல்யாணமாகி நியூஜெர்சியில் இருக்கிறேன். கணவர் யூதர். மாமனாருக்கு 75 வயது நிறைவதால் குடும்பத்தோடு, மொத்தம் 11 பேர், 2027 ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் லாடர்டேலில் இருந்து கிளம்பும் ஏழு இரவு கரீபியன் சொகுசுக் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தோம்: 21ஆம் தேதி மாலை யூதர்களின் பெசாக் (பாஸ்கா) பண்டிகை தொடங்குகிறது. மாமியார் கோஷர், அதாவது யூத உணவு விதி, பார்ப்பவர். அவர் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடியிருக்கிறது. ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில். கப்பலில் பண்டிகையை முறையாகச் செய்ய முடியுமா, அல்லது ரத்து செய்துவிடலாமா? நான் வீட்டிலிருந்து பொடி வகைகள் எடுத்துப் போகலாமா? மாமனார், "பேசாமல் டிசம்பரில் வரும் ஹனுக்காப் பண்டிகைக்குத் தள்ளிப் போடுவோம்" என்கிறார். அது நல்ல யோசனையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கப்பலில் பெசாக் கொண்டாடலாம். பல குடும்பங்கள் கொண்டாடுகின்றன. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவருமா என்று கப்பல் கம்பெனியால் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உங்கள் மாமியார்தான் சொல்ல வேண்டும். அவர் முகம் வாடியிருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குங்கள். கம்பெனிக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள்.

"கோஷர் பார்ப்பவர்" என்பது மட்டும் போதாது. நம் ஊரில் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காதவரும் சைவம், கேக்கில் முட்டை இருந்தால் கண்டுகொள்ளாதவரும் சைவம் என்று சொல்லிக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான். பன்றியும் இறாலும் மட்டும் தவிர்ப்பவர் இருக்கிறார். பாலுக்கும் இறைச்சிக்கும் வீட்டில் தனித்தனிப் பாத்திரம் வைத்துவிட்டு, வெளியே போனால் ஓட்டலில் மீன் சாப்பிடுபவர் இருக்கிறார். சான்று முத்திரை இல்லாத எதையும் வாயில் வைக்காதவரும் இருக்கிறார். பெசாக் வந்தால் இவர்கள் எல்லோருமே ஒரு படி கூடுதல் கண்டிப்பாகிவிடுவார்கள். வருடம் முழுக்க எதையும் பார்க்காதவர்கள்கூட அந்த எட்டு நாள் ரொட்டியைத் தொட மாட்டார்கள்.

அதனால் மாமியாரிடம் இதையெல்லாம் கேளுங்கள். பெசாக்குக்கு வீட்டில் பாத்திரங்களையே மாற்றுகிறாரா? பெசாக்கின் முதல் இரண்டு இரவில் நடக்கும் செடர் என்ற சடங்கு விருந்து இரண்டு இரவும் வேண்டுமா, ஒன்று போதுமா? சபாத் அன்று, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாளில், கார் ஓட்டுவாரா, லிஃப்ட் பொத்தானை அழுத்துவாரா? அரிசி, பருப்பு உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கனாசிக் குடும்பங்களில் பெசாக் முடியும் வரை அரிசி, பருப்பு, சோளம், கடுகு எதுவும் கிடையாது. ஸ்பெயினிலும் மத்தியக் கிழக்கிலும் வேர் உள்ள செஃபார்டிக் குடும்பங்களில் அரிசி தாராளமாக உண்டு. அஷ்கனாசிகளிலும் கன்சர்வேடிவ் பிரிவின் ரபிகள் (மத குருமார்) 2015 இறுதியில் அரிசி, பருப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழகிய பழக்கத்தை விடாதவர்களே நிறையப் பேர்.

பெசாக்குக்குத் தனிப் பாத்திரம், முத்திரை இல்லாமல் எதுவும் இல்லை, பண்டிகையும் சபாத்தும் சேர்ந்த மூன்று நாளும் மின்விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டேன் என்று அவர் சொன்னால், என் ஆலோசனை ஒன்றுதான்: தேதியை மாற்றுங்கள். பெசாக்குக்கென்றே சமையலறையை முழுக்கச் சுத்திகரித்து, கண்காணிப்பாளர் வைத்து நடத்தும் தனிப் பயணங்கள் உண்டு. ஆனால் உங்களுடையது எல்லோரும் வரும் பொதுக் கப்பல். சமையலறையில் ரொட்டி வெந்துகொண்டே இருக்கும், காலையிலிருந்து இரவு வரை பஃபேயில் பீட்சா இருக்கும். அவ்வளவு கண்டிப்பான ஒருவரை அதன் நடுவில் உட்கார வைத்துப் பிறந்தநாள் கொண்டாடுவது நியாயமே இல்லை.

அவர் நடுத்தரக் கண்டிப்புக்காரர் என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் தேதிகளில் ஒரு நல்லது, ஒரு சிக்கல். கப்பல் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது நல்லது. சபாத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கப்பல் ஏறக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்முட் காலத்திலிருந்தே ஒரு விதி இருக்கிறது. நீங்கள் அதில் மாட்டவில்லை. சிக்கல் எங்கே என்றால், புதன் மாலை தொடங்கும் பண்டிகையின் முதல் இரண்டு நாளும் வியாழன், வெள்ளி. அதை ஒட்டியே சபாத். ஆக, மூன்று நாள் தொடர்ச்சியாக வேலை விலக்கு. சம்பிரதாயம் பார்ப்பவர்களுக்கு அந்த மூன்று நாளும் பணம் தொடுவதில்லை, எழுதுவதில்லை, வண்டி ஏறுவதில்லை. கப்பலில் கதவு திறக்க அட்டை, கரை இறங்க அட்டை, காபி வாங்க அட்டை. மாமியார் இதில் எதைப் பார்ப்பார், எதை விட்டுவிடுவார் என்று முன்பே தெரிந்தால் அதற்கேற்ப அறை எடுக்கலாம். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், சாப்பாட்டு ஹாலுக்கு ஓரிரு தளம் மட்டும் ஏறும்படி கேட்டு வாங்குங்கள். 75 வயதுக்காரருக்கு அது எப்படியும் வசதிதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் கோஷர் சாப்பாடு கிடைக்கும், ஆனால் அது அங்கே சமைத்தது அல்ல. கரையில் சான்று பெற்ற சமையலறையில் செய்து, உறைய வைத்து, தட்டோடு இரண்டு அடுக்காக மூடி ஒட்டி வருவது. அடுப்பில் அந்த மூடியோடுதான் சூடு பண்ணுவார்கள். கப்பல் அடுப்பில் பன்றி வெந்திருந்தாலும் இந்தத் தட்டு கோஷராகவே இருப்பதற்கு அந்த இரண்டு மூடிதான் காரணம். நான் கப்பல் உணவுப் பிரிவில் இருந்தபோது புதிய பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: மூடியைப் பிரிக்காமல் மேஜைக்குக் கொண்டு போ, அவர்கள் கண் முன்னால் பிரி, அல்லது அவர்களே பிரிக்கட்டும். நல்ல எண்ணத்தில் உள்ளேயே பிரித்து, பீங்கான் தட்டில் எடுத்து வைத்து, மேலே இரண்டு தழை தூவிக் கொண்டு வந்து நிற்பார்கள். அந்த நிமிடமே அது கோஷர் இல்லாமல் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடும் போய்விட்டது. எனவே முதல் நாள் இரவே உங்கள் மேஜையின் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் கத்தி, முள்கரண்டியும் கேளுங்கள்.

இதைவிட முக்கியம், "கோஷர்" என்று மட்டும் எழுதிக் கேட்காதீர்கள். வழக்கமான கோஷர் தட்டில் பாஸ்தா இருக்கும், ரொட்டி இருக்கும். புதன் முற்பகலிலிருந்தே அது பயன்படாது. "பெசாக்குக்கான கோஷர்" என்று தனியாக எழுத வேண்டும், எந்தத் தேதியின் எந்த வேளையிலிருந்து என்றும் குறிப்பிட வேண்டும். சிறப்புத் தேவைகள் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபோனில் "கவலைப்படாதீர்கள் மேடம், பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அது பதிலே இல்லை. நடுக்கடலில் போய் இல்லை என்று தெரிந்தால் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

மாட்ஸா, அதாவது புளிக்காத அப்பம், நீங்களே கொண்டு போங்கள். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்க வேண்டிய அப்பம் அது. கப்பலில் செய்து தர மாட்டார்கள். கம்பெனி கொடுக்கும் பெட்டி மாட்ஸா போதும் என்றாலும், செடர் மேஜைக்கென்று மூன்று நல்ல அப்பம் வீட்டிலிருந்து வந்தால் மாமியாருக்குத் திருப்தியாக இருக்கும். சீல் உடைக்காத பொட்டலத்தைப் பெரும்பாலும் ஏற்ற விடுவார்கள். வீட்டில் சமைத்ததை விட மாட்டார்கள்.

திராட்சை மதுவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். செடரில் ஆளுக்கு நான்கு கிண்ணம் குடிப்பது முறை; 11 பேர், இரண்டு இரவு. பல கம்பெனிகள் பெரியவர் ஒருவருக்கு ஒரு பாட்டில் மட்டுமே கொண்டுவர அனுமதிக்கின்றன. மீதியைக் கப்பலிலேயே முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது பெசாக் முத்திரை உள்ள திராட்சைச் சாறு வைத்துச் சமாளிக்க வேண்டும். குழந்தைகளுக்கு எப்படியும் சாறுதான். வாங்கும்போது பாட்டிலில் "மெவுஷால்" என்று இருக்கிறதா பாருங்கள். சூடாக்கிப் பதப்படுத்திய மது அது. யூதர் அல்லாத ஒருவர் ஊற்றினாலும் அதன் கோஷர் தன்மை போகாது. சாப்பாட்டு ஹாலில் ஊற்றப் போவது பிலிப்பைன்ஸோ இந்தோனேசியாவோ கோவாவோ சேர்ந்த ஒரு பையன்தான் என்பதால் இது அவசியம்.

சரி, இனி உங்கள் பொடி டப்பாக்கள். பெசாக்கில் விலக்கு ஐந்து தானியத்துக்கு: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட். அதனால் ரவை, மைதா, சேமியா கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பெருங்காயத்தை யாரும் நினைப்பதில்லை. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அது போட்ட சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் எல்லாமே பெசாக்குக்கு ஆகாது. பருப்பு, கடுகு வேறு இருக்கிறது. நீங்கள் தனியாக ஓர் ஓரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். ஆனால் அந்த வாரம் குடும்ப மேஜைக்கும் மாமியார் அறைக்கும் அது வராமல் இருப்பதுதான் மரியாதை. பொடி இல்லாமல் ஒரு வாரம் இருந்துவிடலாம், சகோதரி. மிளகும் எலுமிச்சையும் கப்பலில் கிடைக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, பெசாக்குக்கு முந்தின இரவு மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடும் சடங்கை, ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின இரவே முடித்துவிடுவார்கள். மாமியார் அதைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்வார். கப்பல் அறையில் செவ்வாய் இரவு ஒரு முறை தேடினால் போதும். மெழுகுவர்த்தி இல்லாமல் டார்ச் வைத்துக்கொண்டு குழந்தைகளை இறக்கி விடுங்கள், படுக்கைக்கு அடியெல்லாம் புகுந்து தேடுவார்கள். மினி பாரில் இருக்கும் பிஸ்கட், பியர் எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிடச் சொல்லி அறைப் பணியாளரிடம் கேளுங்கள்.

செடர் இரவுக்கு நான் கேட்கச் சொல்வது தனி அறை. சில கம்பெனிகள் பெசாக் பயணங்களில் ஒரு ரபியையே ஏற்றி, பொது செடர் நடத்துகின்றன. உங்கள் கப்பலில் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு இரவு அங்கே, ஒரு இரவு உங்கள் குடும்பமாக. 11 பேர் என்றால் சிறப்பு உணவகங்களில் உள்ள தனி அறையை ஒதுக்கித் தர வாய்ப்பு அதிகம். நேரம்தான் முக்கியம். இருட்டிய பிறகே செடர் தொடங்க வேண்டும். கப்பலின் முதல் பந்தி அதற்குள் முடிந்தே போயிருக்கும். பின் பந்தி நேரத்தைக் கேளுங்கள். அந்தி நேரத்தையும் வீட்டில் காலண்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகாதீர்கள். பஹாமாஸுக்கும் செயின்ட் தாமஸுக்கும் இடையே சூரியன் மறையும் நேரம் அரை மணிக்கு மேலேயே மாறும். கப்பல் கடிகாரம் சில சமயம் துறைமுகக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. அன்று காலை விருந்தினர் சேவை மேஜையில் "கப்பல் நேரப்படி சூரியன் எப்போது மறைகிறது" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

பரிமாறுகிறவர்களுக்கு ஒரு தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் சூப் வைத்துப் பழகியவர்கள். செடரில் முதல் ஒரு மணி நேரம் கதையும் பாட்டும்தான். சாப்பாடு நடுவில் வரும், அதன் பிறகும் பாட்டு உண்டு. "நாங்கள் கை காட்டும்போது சூடான தட்டைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி வைத்தால் நிம்மதி. செடர் தட்டுக்கு வேண்டிய சுட்ட எலும்பு, வெந்த முட்டை, பார்ஸ்லி, ரோமேன் கீரை, உப்புத் தண்ணீர் எல்லாம் கப்பல் சமையலறையில் இருக்கும் பொருள்களே. ஆப்பிள், வால்நட், பட்டை சேர்த்துச் செய்யும் ஹரோசெத்தைச் செஃப் செய்து தருவார். மாமியாருக்கு அது ஒப்பவில்லை என்றால் புதுக் கத்தி, காகிதத் தட்டு வாங்கி நீங்களே நறுக்கிக் கலந்துவிடலாம். நடுவில் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கும் கட்டம் வரும். அது எந்தக் கதவு என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரக் கதவைத் திறந்து அலாரம் அடித்துவிடப் போகிறது. செடரில் வழக்கமான நான்கு கேள்விகளைக் கேட்கப் போகும் சின்னக் குழந்தையை மத்தியானம் கட்டாயம் தூங்க வையுங்கள்.

மெழுகுவர்த்தி மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். ஏறும்போதே பிடுங்கிக்கொள்வார்கள், அதில் தவறு இல்லை. கடலில் தீயைப் போல ஆபத்து வேறில்லை. அறையில் சுடர் கூடாது. ஆனால் பணியாளர் ஒருவர் கூடவே நிற்க, ஒதுக்கிய ஓரிடத்தில் ஏற்ற விடும் கப்பல்கள் உண்டு. புதன், வியாழன், வெள்ளி மூன்று மாலைக்கும் சேர்த்து அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் மின் விளக்கை ஏற்றுக்கொள்வாரா என்று மாமியார் தன் ரபியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கரை இறங்குவது பற்றி ஒரு பழைய சம்பவம் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் வருகிறது. ரப்பான் கமாலியேல் என்ற பெரியவரும் மற்ற மூப்பர்களும் கப்பலில் வந்து சேர்ந்த நாள் சபாத். யூதரல்லாத ஒருவர் தான் இறங்குவதற்காகப் பலகை போட்டார். அது தங்களுக்காகப் போட்டதல்ல என்பதால் இவர்களும் அதிலேயே இறங்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முந்தைய கதை. உங்கள் மாமியார் தயங்கினால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். கடலில் பண்டிகை வந்து மாட்டிக்கொள்வது அந்த மக்களுக்குப் புதிதில்லை, வழி தேடுவதும் புதிதில்லை.

உங்கள் கப்பல் செயின்ட் தாமஸ் தீவுக்குப் போகிறதா பாருங்கள். சார்லட் அமாலி நகரில் கிரிஸ்டல் கேட் தெருவில், மேட்டின் மேல், 1833இல் கட்டிய யூத ஜெப ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சபை அதைவிடப் பழையது, 1796இல் தொடங்கியது. அப்போது தீவு டென்மார்க்கின் கையில் இருந்தது. உள்ளே தரை முழுக்க மணல். எகிப்திலிருந்து வெளியேறியவர்கள் நடந்த பாலைவனத்தின் நினைவு என்பார்கள்; ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒளிந்து வழிபட்ட காலத்தில் காலடிச் சத்தம் கேட்காமலிருக்க மணல் பரப்பினார்கள், அந்த வழக்கம் தொடர்கிறது என்றும் சொல்வார்கள். எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பேசும் வாரத்தில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து அந்த மணலில் நிற்கலாம். பயணத்தில் இதைவிட நல்ல பிறந்தநாள் பரிசு எனக்குத் தோன்றவில்லை. செவ்வாய் அல்லது புதன் பகலில் அந்தத் துறை வந்தால் டாக்ஸியில் போய் வரலாம். வியாழன் வந்தால் மாமியார் வண்டி ஏறுவாரா என்பதைப் பொறுத்தது.

கடைசி இரவைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. சனி இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். சபாத் முடிவதற்குள் பெட்டி கட்டக் கூடாது என்பவருக்கு, ஃப்ளோரிடா பக்கம் ஏப்ரல் கடைசியில் இருட்டி நட்சத்திரம் தெரியவே எட்டரை ஆகிவிடும். மாமனார் மாமியார் பெட்டியை ஞாயிறு காலை உங்கள் கணவரே கையில் தூக்கிக்கொண்டு இறங்குவதாகப் பதிவு செய்துவிடுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அந்த வசதி உண்டு.

ஹனுக்கா யோசனைக்கு வருகிறேன். பண்டிகை என்ற அளவில் கப்பலுக்கு அதுதான் மிகச் சுலபம்: வேலை விலக்கு இல்லை, உணவு விலக்கு இல்லை, மாலையில் விளக்கு ஏற்றினால் போதும். அதைப் பல கப்பல்களே லாபியில் மின்விளக்கு வைத்துச் செய்கின்றன. ஆனால் 2027இல் ஹனுக்கா தொடங்குவது டிசம்பர் 24 மாலை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம். வருடத்திலேயே கட்டணம் உச்சத்தில் இருக்கும் பயணங்கள் அவை. 11 பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேதிதான் மாற்ற வேண்டும் என்றால், பண்டிகை எதுவும் இல்லாத மே முதல் வாரம் நல்லது. பெசாக் ஏப்ரல் 29 இரவோடு முடிந்துவிடும், மாமியார் வீட்டில் தன் மேஜையில் செடர் முடித்த சந்தோஷத்தோடு கப்பல் ஏறுவார்.

பெரும்பாலான கம்பெனிகளில் முழுத் தொகை கட்டும் கெடு பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் வரும். உங்களுக்கு அது ஜனவரி நடுவில் இருக்கும். அதன் பிறகு ரத்து செய்தால் பணம் கரையும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதிக்கு மாற்ற விடுவார்களா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். மாமியாரிடம் இந்த வாரமே பேசுங்கள். பெசாக் சாப்பாடு, தனி அறை, விளக்கு இடம், பின் பந்தி நேரம் நான்கையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். டிசம்பர் கடைசிக்குள் நான்குக்கும் எழுத்தில் பதில் வரவில்லை என்றால், தயங்காமல் மே மாதத்துக்கு மாற்றிவிடுங்கள்.